ரெப்போ குறைந்தால் அரசின் வட்டிச் சுமை இறங்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டி) குறைந்ததும் அரசின் கடன் சுமையும் தானாக இறங்கிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ரெப்போவும் அரசு தன் கடனுக்குக் கொடுக்கும் வட்டியும் வேறு வேறு.

2025 பிப்ரவரி தொடக்கத்தில் 6.5 சதவீதமாக இருந்த ரெப்போ, ஜூனில் 5.5-க்கு வந்தது. வியாசர்பாடியில் லேத் பட்டறை நடத்துபவருக்கு ரெப்போவோடு இணைந்த கடன் 10 லட்சம் ரூபாய் நிலுவை இருந்தால், ஆண்டுக்குச் சுமார் 10,000 ரூபாய் மிச்சம். (தவணைத் தொகையைக் குறைக்காமல் தவணைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும் உண்டு. எது வேண்டும் என்று கிளையில் எழுதிக் கொடுப்பது நல்லது.)

ரெப்போ என்பது வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் ஓரிரு நாளுக்கு வாங்கும் பணத்தின் விலை. அரசின் கடன் அப்படியல்ல. மத்திய அரசு 3 ஆண்டு முதல் 50 ஆண்டு வரை கடன் பத்திரம் விற்கிறது. அதன் வட்டி ஏலத்தில் முடிவாகிறது. பற்றாக்குறையை அடைக்க நிறைய பத்திரம் வந்து குவிந்தால், வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் கூடுதல் வட்டி கேட்கும். காரணம் இருக்கிறது. 7 சதவீத வட்டியில் 100 ரூபாய்க்கு வாங்கிய 10 ஆண்டுப் பத்திரம், சந்தை வட்டி 8 சதவீதமாக உயர்ந்தால் 93 ரூபாய்க்குத்தான் போகும். அந்த நஷ்டத்துக்கு யார் பொறுப்பு? ஜூன் குறைப்புக்குப் பிறகும் 10 ஆண்டுப் பத்திர வட்டி இறங்கவில்லை, 6.3-ஐ ஒட்டி இருந்தது ஆகஸ்ட் கடைசியில் 6.5-ஐத் தாண்டியது.

பழைய கடன் இன்னும் பிடிவாதமானது. 2014-ல் 8.40 சதவீதத்துக்கு விற்ற பத்திரத்துக்கு, 2020-ல் ரெப்போ 4 சதவீதத்துக்கு விழுந்தபோதும் அரசு அதே 8.40-ஐக் கொடுத்தது. 2024-ல் முதிரும்வரை வேறு வழியில்லை.

2025-26 மத்திய பட்ஜெட்டில் நிதிப் பற்றாக்குறை, அதாவது புதுக் கடன் வாங்கி அடைக்க வேண்டிய தொகை, 15.69 லட்சம் கோடி ரூபாய்; வட்டிச் செலவு 12.76 லட்சம் கோடி. பழைய கடன் வட்டி இல்லையென்றால் புதுக் கடனில் ஐந்தில் நான்கு பங்கு தேவைப்பட்டிருக்காது. மாநிலங்களும் இதே சந்தையில்தான் நிற்கின்றன, மத்திய அரசைவிடச் சற்றுக் கூடுதல் வட்டிக்கு. கொருக்குப்பேட்டை மழைநீர் வடிகாலுக்கு ஒதுக்க வேண்டிய பணத்தோடு இந்த வட்டியும் போட்டி போடுகிறது.

ரெப்போ அறிவிப்பு முதல் பக்கத்தில் வருகிறது. மாநிலக் கடன் பத்திரங்களுக்கான செவ்வாய்க்கிழமை ஏலத்தில் தமிழக அரசு எத்தனை கோடி, எத்தனை ஆண்டுக்கு, எந்த வட்டிக்குக் கடன் வாங்கியது என்பதையும் மறுநாள் வணிகப் பக்கத்தில் ஒரு வரி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வங்கித்துறை வாசகர்கள்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21