கண் மஞ்சளாகியும் காய்ச்சல் விடவில்லை என்றால்: யாங்கோன் கோவில் அன்னதானக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரியவர்களுக்கு வணக்கம்.

என் அக்காள் மகனுக்கு 14 வயது. போன மழைக்காலத்தில் ஒன்பது நாள் காய்ச்சலுக்குப் பிறகு அவன் கண்கள் மஞ்சளாயின. அத்தோடு வீட்டில் எல்லாரும் காய்ச்சலை மறந்துவிட்டோம். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தோம். உப்பும் எண்ணெயும் நின்றன. கோவில் வாசலில் மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. காமாலைக்கு ஆஸ்பத்திரி மருந்து ஆகாது என்று யாரோ சொல்ல, இருந்த மாத்திரைகளையும் நிறுத்தினோம். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

பதின்மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மஞ்சள் வந்த பிறகு காய்ச்சல் இறங்கியதா?" இறங்கவில்லை, 103 டிகிரி. வைரஸால் வரும் காமாலையில் கண் மஞ்சளாகும்போது பெரும்பாலும் காய்ச்சல் விட்டுவிடும். டைபாய்டு ஈரலைத் தாக்கியிருந்தால் காய்ச்சலும் மஞ்சளும் சேர்ந்தே நிற்கும். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். அந்தச் சூட்டுக்குக் குதிக்க வேண்டிய நாடி நிமிடத்துக்கு 88இல் நிதானமாக நடந்துகொண்டிருந்தது. ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்தபோது டைபாய்டு உறுதியானது. செஃப்ட்ரியாக்சோன் என்ற கிருமிக்கொல்லி ஊசி போட்டு ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. ஈரலுக்கென்று தனி மருந்து எதுவும் இல்லை. கிருமி ஒழிந்ததும் அது தானாகத் தேறியது. இன்னும் சில நாள் தள்ளியிருந்தால் குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம் என்றார். டைபாய்டில் ஈரல் படும் பாட்டை வில்லியம் ஆஸ்லர் என்ற பேர்பெற்ற டாக்டர் 1899இலேயே எழுதிவைத்திருக்கிறாராம். நம் தெருவுக்குத்தான் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இதை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன்? ஈரலில் புகுந்த கிருமி பித்தநீரோடு பித்தப்பைக்குப் போகிறது. டைபாய்டு வந்து தேறிய நூறு பேரில் ஏறக்குறைய 2 முதல் 5 பேருக்கு அங்கேயே குடியிருந்துவிடும். பித்தக்கல் இருந்தால் இன்னும் வசதி. ஆளுக்கு ஒரு நோவும் இராது. மலத்தில் மட்டும் கிருமி போய்க்கொண்டிருக்கும். கொதிக்கும் சாம்பாரில் அது பிழைக்காது. ஆனால் பச்சடியும் நீர்மோரும் பானகமும் அடுப்பேறுவதில்லையே! பையனுக்கு எங்கிருந்து தொற்றியதோ, அனவ்ரட்டா சாலைக் கரும்புச் சாற்றிலா, ஐஸிலா, பந்தியிலா, தெரியாது. யாரையும் குற்றம் சொல்லவில்லை.

நியூயார்க் சமையற்காரி மேரி மாலனின் கதை நினைவுக்கு வருகிறது. தனக்கு ஒரு நோவும் இல்லாமலே சமையல் வழியாக டைபாய்டைப் பரப்பியவள் என்று அவளை ஒரு தீவில் அடைத்துவைத்திருந்தார்கள். சமைக்கக் கூடாது என்று சொல்லி 1910இல் விடுவித்தார்கள். சலவை வேலையில் கூலி குறைவு. பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி சமையலுக்கே போனாள். 1915இல் மீண்டும் பிடித்து, 1938இல் சாகும்வரை அதே தீவில் வைத்திருந்தார்கள்.

ஆகவே, டைபாய்டு வந்து தேறிய சமையற்காரரை விரட்டிவிடாதீர்கள். மலப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று தெரியும்வரை பூக்கட்டவோ பந்தல் வேலைக்கோ வைத்துக்கொண்டு அதே சம்பளத்தைக் கொடுங்கள். சம்பளம் குறைந்தால் நோயை மறைப்பார். நானாக இருந்தாலும் மறைப்பேன். பந்திக்கு வைக்கிற தண்ணீரும் மோருக்கு ஊற்றுகிற தண்ணீரும் கொதித்து ஆறியதாக இருக்கட்டும்.

மந்திரிக்க வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு பலகையும் வேண்டும். கயிறு கட்டட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மஞ்சளோடு காய்ச்சலும் இருந்தால் அன்றே டாக்டரிடம் போகச் சொல்லி எழுதினால் போதும். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் நம்மிடையே நிறைய இருப்பதால் பர்மிய மொழியிலும் வேண்டும். தமிழ் வரிகளை நான் எழுதித் தருகிறேன். பர்மிய வரிகளை எழுத என் அக்காள் மகன் ஒப்புக்கொண்டிருக்கிறான்.