தசைப் புரத இழை சுருங்குவதில்லை

ஆசிரியருக்கு,

தசைப்பிடிப்பு பற்றிய உங்கள் கட்டுரையில், தசைப் புரதங்கள் ரப்பர் போலச் சுருங்குவதாக எழுதியிருந்தீர்கள். அப்படியில்லை. ஆக்டின், மயோசின் என்ற அந்தப் புரத இழைகளின் நீளம் மாறுவதே இல்லை. அவை ஒன்றையொட்டி ஒன்று வழுக்கிச் செல்வதால்தான் தசை சுருங்குகிறது. 1954-இலேயே ஆண்ட்ரூ ஹக்ஸ்லி குழுவும் ஹியூ ஹக்ஸ்லி குழுவும் தனித்தனியே இதைச் சொல்லிவிட்டன. (பெயர் ஒன்றுதான், உறவினர் அல்லர்.)

மயோசினின் தலை ஆக்டினைப் பிடிக்கும், இழுக்கும், விடும், சற்றுத் தள்ளி மறுபடி பிடிக்கும். கிணற்றுக் கயிற்றைக் கை மாற்றி மாற்றி இழுப்போமே, அதுபோல. ஓய்வு நேரத்தில் ஆக்டினில் உள்ள பிடிக்கும் இடங்களை ட்ரோபோமயோசின் என்ற புரதம் மறைத்துக்கொண்டிருக்கும். கால்சியம் வந்து ட்ரோபோனின் என்ற இன்னொரு புரதத்தில் ஒட்டியதும் ட்ரோபோமயோசின் விலகி வழிவிடும்.

பலரும் தலைகீழாக நினைப்பது ஒன்று உண்டு. செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி இழுப்பதற்கு மட்டுமல்ல, பிடியை விடுவதற்கும் வேண்டும். இறந்த சில மணி நேரத்தில் உடல் விறைப்பது அதனால்தான்: ஏடிபி தீர்ந்துபோய், பிடித்த தலைகள் பிடித்தபடியே நின்றுவிடுகின்றன. புரதங்கள் சிதையத் தொடங்கிய பிறகே விறைப்பு தளரும்.

கட்டுரையோடு வந்த படத்திலும் இழைகளைச் சுருள்வில்லாக வரைந்திருந்தார்கள். அதையும் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

– உயிரியல் ஆசிரியை ஒருவர்