போலீஸ் பூத்து தொறந்தாச்சு, எல்லாருக்கும் நன்றி

நேத்து சாயங்காலம் நம்ம முனையில போலீஸ் பூத்து தொறந்தாங்கல்ல, அதுல லைட்டு எரியறத பாத்துட்டு வந்து படுத்தேன், எத்தினி நாளு கழிச்சு நல்லா தூங்குனேன்னு எனக்கே தெரியல. அந்த ராத்திரி இன்னா ஆச்சுன்னு காசிமேட்டுல எல்லாருக்கும் தெரியும், திருப்பி சொல்ல மனசு வரல.

சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு தபா கார்ப்பரேஷனுக்கு கட்றோம், ஆனா போலீசு ஸ்டேட் கவர்மென்ட் கைல, அந்த காசு இதுக்கு வராது. ஏ.கே.விஸ்வநாதன் சென்னை போலீஸ் கமிஷனரா இருந்தப்ப 'மூன்றாவது கண்'ணுன்னு கேமரா வெச்சாங்களே, அப்பவும் நெறைய எடத்துல தெருக்காரங்களும் கடைக்காரங்களும் தான் காசு போட்டாங்க. அதான் திருவிழாவுக்கு குடும்பத்துக்கு இவ்ளோன்னு ஊர்ல போடற தலைக்கட்டு வரிய இந்த தபா பூத்துக்கு போட்டோம், அதுவும் 61 நாள் மீன்பிடி தடைக்காலத்துல, மீன் புடிக்கிற போட்டுங்க எல்லாம் கரையில நிக்கறப்ப. ரசீது புக்கு என் கைல. பாதி வீட்ல "தடை முடிஞ்சி ஜூன் 15 ஆவட்டும்பா"ன்னு கதவ சாத்திட்டாங்க, கோவம்லாம் இல்ல, என் வீட்லயே அதான் சொன்னாங்க.

அப்ப தான் கருவாட்டு ஆயா கூட வந்துச்சு. அது பேரு வரி லிஸ்ட்லயே கெடையாது, புருஷன் போயிட்டாருன்னா தலைக்கட்டுல இருந்து எட்த்துருவாங்க, இன்னா கணக்கோ. முட்டி வலியோட மூணு நாளு படி ஏறி எறங்குச்சு. "உன் பொண்ணு நைட்டு வேல முட்சிட்டு இந்த வழியா தான வரா?" அவ்ளோ தான் கேக்கும், உள்ள போயி காச எட்த்துனு வருவாங்க.

கடைசில கணக்கு பாத்தா 500 ரூபா ஜாஸ்தி. மூணு வாட்டி எண்ணிட்டேன், ரசீதோட ஒத்து வரல. அப்பறம் பாத்தா ஒரே ஒரு நோட்டு மட்டும் நாலா மடிச்சி, நெத்திலி கருவாட்டு வாசன. கேட்டதுக்கு "போயி வேலைய பாரு நைனா"ன்னுச்சு.

ஈபி கனெக்‌ஷன் வர்ற வரிக்கும் கரெண்டு குட்த்த டீக்கட அண்ணன், காசு வாங்காம போர்டு எழுதுன தம்பி, மண்ணு தூக்குன பசங்க, மனு எழுத சொல்லிக் குட்த்த ஏட்டய்யா, ஊர் பெரியவங்க, எல்லாருக்கும் நன்றி.

அடுத்த வரி போடறப்ப ஆயா பேர லிஸ்ட்ல ஏத்தாம நான் ரசீது புக்க தொட மாட்டேன். கூட்டத்துல சண்ட வரும், வரட்டும்.

ஆயா, உன் பேருக்கு ரசீது கிழிச்சி வெச்சிகீறேன், பேத்திய இட்டுனு வந்து படிச்சி பாத்து வாங்கிக்க.