‘நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?’

அன்புள்ள எல்லோருக்கும்,

கைத்தடியை மூலையில் சாத்திவிட்டு, போன வாரம் என்னோடு வாழ்கிறவள் ஏற்காடு பஸ் ஏறி வேலைக்குப் போய்விட்டாள். ‘கோட்டை மாரியம்மனுக்கு ஆடி நோன்பி சாட்டறதுக்குள்ள எல்லாருக்கும் ஒரு நன்றி எழுதிடு’ என்று நச்சரித்தவள் அவள். எனக்குக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதித்தான் பழக்கம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் உறவு கேட்பதென்றால், ‘நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?’ என்பார்கள். சித்தி வேணும், மச்சான் வேணும், முறைக்கு அண்ணன் வேணும் என்று ஒரே சொல்லில் பதில் முடிந்துவிடும். நாங்கள் சேர்ந்து வாழும் இரண்டு பெண்கள், எங்களுக்கு முடியாது. மூன்றரை வருடமாக ஸ்டேஷன், வாடகை வீடு, ஆஸ்பத்திரி, பேங்க் என்று எங்கே போனாலும் எங்களுக்கு முன்னால் அந்தக் கேள்வி போய் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பதில் சொல்ல எங்கள் பக்கம் நின்றவர்களுக்குத்தான் இந்த மடல். பெயர் போடவில்லை. போட்டால் சிலருக்கு வீட்டில் சங்கடம். படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

வக்கீல் அக்கா, முதலில் நீங்கள். 2022 தை மாதம் ஒரு துணிப்பையும் ஒரு கிலோ காப்பிக்கொட்டையுமாக அவள் மலையிறங்கி வந்தாள். மூன்றாம் நாள் அவளைக் காணவில்லை என்று அவள் அப்பா புகார் கொடுத்தார். எங்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு மதியத்திலிருந்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். ‘யாரு யாரை மயக்கினது?’ என்று ஒருத்தர் மாற்றி ஒருத்தர் கேட்டார்கள். ஏழு மணிக்கு நீங்கள் வந்தீர்கள், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. கையில் ஜெராக்ஸ் கட்டு. 2021 ஜூன் 7ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் போட்ட உத்தரவு, மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்களின் வழக்கில் வந்தது. காணவில்லை என்று புகார் வந்து, விசாரித்தால் வயது வந்த இருவர் சம்மதத்தோடு சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொல்லை தராமல் புகாரை முடிக்க வேண்டும் என்ற பத்தியில் பச்சை மை தீட்டி வைத்திருந்தீர்கள். தீர்ப்பு எழுதும் முன் அந்த நீதிபதி, இதில் தனக்கே தெளிவு போதாது என்று ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார் என்பதைப் பிறகு படித்தேன். அவள் அப்பா அப்படி ஒரு அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். இன்னும் உட்காரவில்லை.

அதே ராத்திரி அங்கே பணியில் இருந்த பெண் காவலருக்கு: டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்ததை விடுங்கள். வாக்குமூலம் எழுதும்போது பேனாவை அவள் கையில் கொடுத்து, ‘நீயே எழுதும்மா, நான் எழுதினா வார்த்தை மாறிடும்’ என்றீர்களே, அதை மறக்கவே மாட்டோம்.

அம்மாபேட்டை வீட்டுக்காரம்மா, நாங்கள் அக்கா தங்கையா என்று நீங்கள் கேட்டபோது நான் முழித்தேன். ஆறு மாதம் கழித்து, யார் போட்டுக்கொடுத்தார்களோ, விஷயம் உங்கள் காதுக்கு வந்தது. மாடிப்படி ஏறி வந்தீர்கள். மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். ‘அஞ்சாம் தேதிக்குள்ள வாடகை வந்துடணும், மோட்டரை மறக்காம ஆஃப் பண்ணணும், மத்தது உங்க பாடு’ என்றீர்கள். போன வருடம் பேத்தி காதுகுத்துக்கு வைத்த பத்திரிகையை இன்னும் வைத்திருக்கிறோம். ஒரே கவர். மஞ்சள் தடவிய மூலை. எங்கள் இருவர் பெயரும் அடுத்தடுத்து, கீழே ‘குடும்பத்தார்’. எங்களுக்கு அரசாங்கம் தராத சர்டிபிகேட் அதுதான் என்று அவள் பீரோவில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

2023 அக்டோபர் 17. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கண்ணி கோர்க்கிற அக்காமார் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என் போனைச் சுற்றி நின்றார்கள். எங்களுக்காக என்று சொல்லவில்லை, ‘அந்தக் கேசு என்னாச்சுன்னு பாரு’ என்றார்கள், அவ்வளவுதான். ஒரே பாலினத்தவர் திருமணத்துக்கு அங்கீகாரம் கேட்ட கேசு அது. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும், திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். திருமணம் என்று இல்லாவிட்டாலும் சேர்ந்து வாழ்வதற்காவது ஓர் அங்கீகாரம் என்பதும் மூன்றுக்கு இரண்டு என்று போய்விட்டது. யாரும் எதுவும் பேசவில்லை. ஒரு அக்கா கடைக்குப் போய் எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கி வந்தார். பீட்ரூட் துருவல் சிந்த அழுதுகொண்டே தின்றேன், காரம் என்று சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வக்கீல் அக்கா சொன்ன கதை இது. அவருடைய தாத்தா, 1944இல் இதே சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய மாநாட்டுக்கு வந்த இளவட்டம். 1951இல் ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டார். சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் வந்தது 1967இல், அண்ணா ஆட்சியில். பழைய கல்யாணங்களுக்கும் சேர்த்தே செல்லும் என்று வந்தது. ‘அதுவரைக்கும் பதினாறு வருஷம் எங்க தாத்தா பாட்டி கல்யாணம் சட்டப்படி கல்யாணமே இல்ல. அதுக்காக அவங்க காத்திருந்தாங்களா? நாலு புள்ள பெத்து, வீடு கட்டி, சண்டையும் போட்டாங்க’ என்றார். சிரித்துவிட்டோம். ஐயரையும் ஓமத்தையும் வேண்டாம் என்று சொல்லத் துணிந்த அந்தச் சட்டத்திலும் ‘கணவன்’, ‘மனைவி’ என்ற இரண்டு சொல் இருக்கிறது. எங்கள் வண்டி அங்கேதான் நிற்கிறது.

இனி 2024 டிசம்பர். ஃபெஞ்சல் புயல் மழை விட்டு ஒரு வாரம். மலைப்பாதையில் சரிந்த மண்ணை ஓரம் ஒதுக்கியிருந்தார்களே தவிர, ரோடு முழுக்கச் சேறு. எஸ்டேட்டில் அவள் ரைட்டர், பதிவேடு எழுதுகிற வேலை. காப்பிப்பழம் பறிக்கிற சீசன், லீவு போட முடியாது. கொண்டை ஊசி வளைவில் வண்டி வழுக்கித் தொடை எலும்பு முறிந்தது. பின்னால் வந்த ஜீப் அண்ணன், ஆள் ஏற்றியிருந்த வண்டியைக் காலி செய்து, பலகையில் படுக்க வைத்து இறக்கிக்கொண்டு வந்தீர்கள். ஒவ்வொரு வளைவிலும் ‘இன்னும் பன்னண்டு சாமி, இன்னும் பதினொண்ணு’ என்று எண்ணிக்கொண்டே வந்தீர்களாம். வாடகை கொடுத்தபோது டீசலுக்கு மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

ஆஸ்பத்திரி கவுன்டரில் அதே கேள்வி. பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்? ஃபிரண்ட் என்றேன். ‘ரத்த சொந்தம் யாராச்சும் வந்து கையெழுத்து போடட்டும்’ என்று ஃபாரத்தைத் திருப்பித் தள்ளினார்கள். அந்த ஆகஸ்டில்தான் மத்திய சுகாதார அமைச்சகம், நெருங்கிய உறவினர் இல்லாதபோது இணையரே உடலைப் பெற்றுக்கொள்ளலாம் என்று மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. செத்தால் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது, பிழைக்க வைக்கக் கையெழுத்துப் போட வழியில்லையா என்று அங்கேயே கத்திவிட்டேன். மன்னியுங்கள், கவுன்டரில் இருந்த பையன் சின்னப் பையன்.

வார்டு சிஸ்டர், நீங்கள்தான் என்னைத் தள்ளிக்கொண்டு போய் உட்கார வைத்தீர்கள். ‘அவங்க சுயநினைவோட இருக்காங்க, வயசு முப்பத்தொண்ணு, அவங்க கையெழுத்தே போதும். நீ கூட இருக்கிறவளா சாட்சிக் கையெழுத்து போடு’ என்றீர்கள். உறவு என்ற கட்டத்தில் பேனாவை வைத்து ஒரு நொடி என்னைப் பார்த்தீர்கள். அப்புறம் ‘குடும்பம்’ என்று எழுதினீர்கள்.

அடுத்த மே 22ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்று எழுதினார்கள். வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணை மீட்க அவள் தோழி தொடுத்த வழக்கு அது. செய்தி படித்ததும் இவள், ‘நம்ம சிஸ்டர் இதை அஞ்சு மாசம் முன்னாடியே எழுதிட்டாங்க’ என்றாள்.

அறுபதாயிரம் முன்பணம் கொடுத்த பட்டறை முதலாளிக்கு, மாதாமாதம் பிடித்துக்கொள்ளுங்கள், தீபாவளிக்கு முன் முடித்துவிடுகிறேன். எங்களைப் போன்ற இணையரின் ஜாயின்ட் அக்கவுன்ட்டுக்கும் நாமினிக்கும் தடையில்லை என்ற 2024 ஆகஸ்ட் நிதித்துறை அறிவிப்பைப் பொறுமையாகப் படித்து ஃபாரம் வாங்கிக்கொண்ட பேங்க் மேடத்துக்கும் நன்றி. உறவு என்ற இடத்தில் ‘மற்றவை’யைத்தான் தட்ட முடிந்தது. ‘கம்ப்யூட்டர்ல அவ்வளவுதாம்மா இருக்கு’ என்று என்னைவிட நீங்கள் வருத்தப்பட்டீர்கள்.

கடைசியாக, அத்தை. அவள் அம்மாவை நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன், அவர் இன்னும் ‘ம்’ என்றுதான் திரும்புகிறார். ஆபரேஷன் முடிந்த மறுநாள், வீட்டில் சொல்லாமல் மிளகும் காப்பித்தூளும் முடிந்த துணிப்பையோடு வந்தார். டாக்டர் அவரிடமும் கேட்டார். ‘அம்மா வேணும்’ என்றார். ‘அப்ப இவங்க?’ அத்தை என்னைப் பார்க்கவில்லை, பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்: ‘மருந்து மாத்திரை எல்லாம் அவகிட்டச் சொல்லுங்க. எங்கிட்டச் சொன்னா மறந்துடுவேன்.’

வருகிற ஞாயிறு மத்தியானம் வீட்டில் சாப்பாடு. வீட்டுக்காரம்மாவிடம் மாடிக்குப் பாய் கேட்டாயிற்று. தனித்தனியாகப் பத்திரிகை அடிக்கவில்லை, இதையே வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் குடும்பத்தோடு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அம்மாபேட்டை மாடி வீட்டுக் குடும்பத்தார்