அவசரப் போட்டி வேண்டாம்

விமானம் தயாரிக்கும் ஏர்பஸ், போயிங் நிறுவனங்களின் போட்டி பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். போட்டியால் விமானங்களின் விலை குறையும் என்பது சரி. ஆனால் அந்த அவசரம் எதைக் காவு வாங்கியது என்பதையும் சொல்லியிருக்கலாம். 2010 டிசம்பரில் ஏர்பஸ், எரிபொருளை மிச்சப்படுத்தும் புது எஞ்சின் கொண்ட ஏ320 நியோ விமானத்தை அறிவித்தது. புது விமானம் வடிவமைக்க நேரமில்லை என்று, 1960களில் பிறந்த தன் 737 ரக விமானத்திலேயே பெரிய எஞ்சினைப் பொருத்த 2011-ல் போயிங் முடிவெடுத்தது. அந்த எஞ்சினால் விமானத்தின் மூக்கு அளவுக்கு மேல் உயரலாம் என்பதால், அதைத் தானாகவே கீழே அழுத்தும் எம்காஸ் என்ற மென்பொருளைச் சேர்க்க நேர்ந்தது. அதுவோ, விமானம் காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை அளக்கும் ஒரே ஒரு சென்சாரை நம்பியிருந்தது. விமானிகளுக்கு அதைப் பற்றி விளக்கவும் இல்லை. அப்படி வந்த 737 மேக்ஸ் விமானம் 2018-ல் இந்தோனேசியாவில் ஒன்று, அப்புறம் ஐந்தே மாதத்தில் எத்தியோப்பியாவில் ஒன்று என விழுந்து நொறுங்கியது. மொத்தம் 346 உயிர்கள்.

விமானப் பராமரிப்பில் 20 ஆண்டுகள் இருந்தவன் நான். அந்த சென்சார், விமானத்தின் மூக்குப் பக்கம் காற்றில் அசையும் ஒரு சிறு தகடு. ஏணி இடித்துவிட்டது என்று தெரிந்தாலே கழற்றிச் சோதிப்போம். அதை நம்பியா விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்துவது? ஏர் இந்தியா 2023-ல் இரு நிறுவனங்களிடமும் சேர்த்து 470 விமானங்கள் கேட்டிருக்கிறது. பழைய ரகத்தின் திருத்தம் என்று எது வந்தாலும், சிமுலேட்டர் பயிற்சி இல்லாமல் விமானிகளை அதில் ஏற்றக் கூடாது என விமானப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ விதிக்க வேண்டும்.

- ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர், பல்லாவரம்