கில் கொடுக்கும் முன் நைஸ் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் இயங்குதளம் கொண்ட கணினிகளே புழங்குவதால், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் தமிழ் வழியில் படிக்கும் எங்கள் பிள்ளைகளும் அதில்தான் பழகுகிறார்கள். ஆனால் கணினி திணறும்போது எதைப் பார்ப்பது என்று தமிழில் எடுத்துச் சொல்வாரில்லை.

சென்ற மாதம் இங்குள்ள சேவை மையம் ஒன்றில், பேத்தியின் பள்ளி ஆண்டு விழா வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றித் தரக் கொடுத்திருந்தேன். ஐந்து மணி நேரம் ஓடிய நிலையில், வருமானச் சான்றிதழுக்கு வந்த ஒருவரின் விண்ணப்பப் பக்கம் திறக்கத் தாமதமானதால் அங்கிருந்த இளைஞர், கணினியில் ஓடும் செயல்களைப் பட்டியலிடும் 'டாப்' திரையைப் பார்த்தார். வீடியோ வேலைக்கு நேரே பிராசசர் பயன்பாடு 390 சதவீதம் என்றிருந்ததைக் கண்டு வைரஸ் என்று பதறி, செயலை அந்தக் கணமே முடித்துவிடும் 'கில் மைனஸ் 9' கட்டளையைக் கொடுத்துவிட்டார். அரைகுறையாக நின்ற கோப்பு திறக்கவே இல்லை.

அந்த எண்ணில் கோளாறு எதுவுமில்லை. டாப் வழக்கமாகப் பிராசசரின் ஒரு கோருக்கு (தனித்து இயங்கும் கணிப்புப் பகுதிக்கு) 100 என்று கணக்கிடுவதால், நான்கு கோர் உள்ள கணினியில் ஒரு செயல் 400 வரை காட்டலாம். வேலை இருக்கும்போது பிராசசர் முழுதாக உழைப்பதே முறை. அவசர வேலைக்கு அந்தச் செயல் வழிவிடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்கென உள்ளது நைஸ் மதிப்பு. லினக்ஸில் மைனஸ் 20 முதல் 19 வரை செல்லும் இந்த எண் இயல்பாக 0 ஆக இருக்கும். எண் ஏற ஏற முன்னுரிமை குறையும். பலர் இதைத் தலைகீழாகவே புரிந்துகொள்கிறார்கள். தம் செயலின் எண்ணைக் கூட்ட எவராலும் முடியும், குறைக்கப் பொதுவாக ரூட் எனப்படும் நிர்வாகி அதிகாரம் வேண்டும். 0 உள்ள செயலும் 19 உள்ள செயலும் ஒரே கோருக்குப் போட்டியிட்டால் பங்கு ஏறத்தாழ 1024க்கு 15 என்று பிரியும். போட்டி இல்லையென்றால் 19 உள்ளதும் முழுக் கோரையும் எடுத்துக்கொள்ளும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் புதிய பதிப்புகள் செயல்களைக் குழுக்களாகப் பிரிப்பதால், ஒரே குழுவுக்குள்தான் இந்த விகிதம் முழுமையாகப் பலிக்கும். ஆகவே அன்று, ஓடும் செயலின் நைஸ் மதிப்பை மாற்றும் 'ரீநைஸ்' கட்டளை போதாமல் போயிருந்தாலும், 'கில் மைனஸ் ஸ்டாப்' கொடுத்து வேலையை நிறுத்திவைத்து, சான்றிதழ் முடிந்ததும் 'கில் மைனஸ் கான்ட்' கொடுத்திருந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்திருக்கும்.

டாப் திரையின் மேலே தெரியும் லோடு ஆவரேஜையும் (ஓடும், காத்திருக்கும் செயல்களின் சராசரி எண்ணிக்கை) பிராசசர் பயன்பாட்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் உண்டு. வட்டுக்காகக் காத்துக் கிடக்கும் செயல்களையும் லினக்ஸ் லோடு ஆவரேஜில் சேர்ப்பதால், பிராசசர் சும்மா இருக்கையிலும் அது ஏறும். அங்கே நைஸை மாற்றிப் பயனில்லை.

தங்கள் மாணவர் பகுதியில், ஒரு டாப் திரையின் படத்தை அச்சிட்டு, ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன சொல்கிறது என்று விளக்கி வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.