கண்டியில் வேலைக்குச் சேர்ந்த கூட்டாளிக்கு

தலவாக்கலை

அன்புள்ள கூட்டாளிக்கு,

பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய், ரொம்பச் சந்தோஷம். என்ன ட்ரெயினிங் எடுக்கலாம் என்றும் கேட்டிருந்தாய். மற்றதெல்லாம் பிறகு, முதலில் முதலுதவி. செஞ்சிலுவைச் சங்கத்தில் வகுப்பு நடத்துகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான பகுதி உண்டா, பொம்மையை வைத்து உன் கையாலேயே செய்ய விடுவார்களா என்று கேட்டுக்கொண்டு காசைக் கட்டு. கொப்பியில் எழுதிவரும் முதலுதவி அவசரத்துக்குக் கைகொடுக்காது.

எங்கள் பிள்ளை மடுவத்தில், அதாவது தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில், ஆயாம்மாமாருக்குப் போன மாதம் இந்தப் பயிற்சி நடந்தது. தொண்டையில் கச்சான் அடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதும், ஒருவர் பொம்மையைக் காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார். இன்னொருவர் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். இரண்டுமே ஆபத்து. ஒரு வயதாகாத பிள்ளையை முன்னங்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 தரம் தட்ட வேண்டும். வெளியே வராவிட்டால் மல்லாத்தி நெஞ்சில் 5 தரம் அழுத்த வேண்டும். வயிற்றில் கை வைக்கவே கூடாது. எல்லோரும் தாலாட்டுகிற மாதிரித்தான் தட்டினார்கள், பாவம்! பலமாகத் தட்ட மனம் வர நேரமெடுத்தது.

சுடுதண்ணி கொட்டினால் பற்பசை பூசுகிற பழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. 20 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் பிடிக்க வேண்டும். ஆனால் மார்கழியில் எங்கள் பீலித் தண்ணியில் பெரியவர்களுக்கே கை விறைத்துப்போகும். அதனால் சுட்ட இடத்தில் மட்டும் தண்ணீர் பட, மற்ற உடம்பைப் போர்த்தி வைக்கச் சொன்னார்கள்.

1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். டவுனில் உனக்கு அது பெரிய தைரியம். இங்கே மழை நாளில் தோட்டத்து ரோட்டில் அது ஏறி வருவதற்குள் எல்லாம் எங்கள் கையில்தான். அதனால்தான் ஒரு தரம் பழகிச் சான்றிதழை மாட்டிவைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை, சில மாதத்தில் கை மறந்துவிடும். அந்தப் பொம்மையை எங்களிடமே விட்டுப்போகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

தொட்டில் சண்டை மட்டும் ஓயவில்லை. கைக்குழந்தையைச் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டுமாம். சேலைத் தொட்டில் இல்லாமல் எந்தப் பிள்ளை தூங்கும் என்று ஆயாம்மா கேட்கிறார். உங்கள் இடத்தில் எப்படித் தூங்கவைக்கிறீர்கள்? ஒருவர் எத்தனை கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறீர்கள்? மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி